எலப்புள்ளியும் மெல்லிசையும்

மெல்லிசை என்ற சொல்லைத் தமிழர் இரண்டு பொருளில் ஆள்கிறார்கள். கர்நாடக இசைக் கச்சேரிக்கு வெளியே எளிய மெட்டில் அமைந்த பாட்டு எதுவும் மெல்லிசைதான். வானொலி நிலையங்களும் கோயில் திருவிழா மேடைகளும் இந்தப் பொருளில்தான் அந்தச் சொல்லை வழங்கின. ஆனால் ‘மெல்லிசைக் காலம்’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் மனத்தில் எழுவது வேறொன்று. மெதுவான நடை, பின்னால் அலை போல எழும் வயலின்கள், ஓரமாக ஒரு கிடார், காதருகே பேசுவது போன்ற குரல், பாமரனுக்கும் புரியும் சொற்களில் கவிதை. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை தமிழ்த் திரைப்படங்களில் மலர்ந்த காதல் பாட்டு அது. அந்தப் பாட்டுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எம்.எஸ். விசுவநாதன். அவர் 1928 ஜூன் 24 அன்று எலப்புள்ளியில் பிறந்தார்.

எலப்புள்ளி, பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் உள்ள ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி அது. அந்த இடைவெளி வழியாகக் காற்றும் மழையும் வந்ததைப் போலவே ஆட்களும் பாஷையும் வந்து போனார்கள். கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வட்டாரங்களில் இன்றும் தமிழ் வீட்டு மொழி. எலப்புள்ளியை ஒட்டிய ராமசேரியில் மண் சட்டியின் மேல் துணி கட்டித் தட்டையாக வேகவைக்கும் இட்லி, தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை இந்தப் பகுதி மலபார் மாவட்டமாகச் சென்னையின் ஆட்சியில்தான் இருந்தது. எனவே விசுவநாதன் பிறந்தபோது அவர் அயல் மாநிலத்துக்காரர் அல்லர். சென்னை மாகாணத்துப் பிள்ளை.

இசைக்கும் அது வளமான மண். செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர், கே.வி. நாராயணசுவாமி ஆகியோர் இந்த மாவட்டத்தார். கச்சேரிக்கு மெட்ராஸ் போக வேண்டியவர்களுக்குச் சினிமா அதைவிடப் பக்கத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் 1930-களிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ எழும்பிவிட்டது. பின்னால் பட்சிராஜாவும் வந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் தன் படங்களைக் கோவையில் எடுத்தது. கணவாயைத் தாண்டினால் ஸ்டூடியோ என்ற நிலைமை, பாலக்காட்டுச் சிறுவன் ஒருவனுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைப் பின்னால் நடந்தவை காட்டின.

விசுவநாதனின் தந்தை சுப்பிரமணியன் மகனின் சின்ன வயதிலேயே இறந்தார். தாய் நாராயணிக்குட்டி வறுமை தாங்காமல் பிள்ளையோடு உயிரை விடத் துணிந்ததாகவும், தாத்தா தடுத்துக் காப்பாற்றியதாகவும் விசுவநாதனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாத்தா கண்ணூர்ச் சிறையில் வார்டனாக இருந்தவர். பேரன் வளர்ந்தது அங்கே. டென்ட் கொட்டகையில் தின்பண்டம் விற்றதும், திரைக்குப் பின்னால் ஒலித்த பாட்டை மனப்பாடம் செய்ததும் அந்தக் காலத்தில். நீலகண்ட பாகவதரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். நடிகனாக வேண்டும் என்ற ஆசையோடு ஜூபிடர் பிக்சர்ஸுக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்தது ஆபீஸ் பையன் வேலை. அங்கே இசையமைப்பாளராக இருந்த எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

அப்போது தமிழ்ப் படத்தில் காதல் பாட்டு எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால்தான் பிறகு ஏற்பட்ட மாற்றத்தின் அளவு தெரியும். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘சிந்தாமணி’ (1937), ‘ஹரிதாஸ்’ (1944) ஆகியவை நாடக மேடையின் வாரிசுகள். பாபநாசம் சிவனின் சாகித்தியம், தெளிவான ராகம், நிரவல் போல விரியும் சங்கதி, கடைசி வரிசை வரை எட்டும் குரல். ‘ஹரிதா’ஸின் புகழ்பெற்ற சிருங்காரப் பாட்டு சாருகேசியில் அமைந்தது, அதைக் கேட்பவர் காதலைக் கேட்பதற்கு முன்னால் பாகவதரின் சாரீரத்தைக் கேட்பார். குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மைக் இல்லாத கொட்டகையில் பழகிய குரலுக்கு அதுதான் இலக்கணம். காதலியிடம் பேசுவதையும் ஊரெல்லாம் கேட்கத்தான் பாடியாக வேண்டும்.

பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும் அந்த அவசியம் போயிற்று. பாடுபவர் மூடிய அறையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார். முணுமுணுத்தாலும் பதிவாகும். இந்த வசதியை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர்களில் ஏ.எம். ராஜா குறிப்பிடத்தக்கவர். 1955-இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் எஸ். ராஜேஸ்வர ராவ் இசையில் அவர் பாடிய நிலாப் பாட்டும், 1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாண பரிசு’ படத்துக்கு அவரே அமைத்த மெட்டுகளும், உரத்துச் சொல்லாத காதல் எப்படி ஒலிக்கும் என்பதைத் தமிழர் காதுக்குப் பழக்கின. மெல்லிசையின் கதையில் ராஜாவுக்கு உரிய இடம் பல நேரங்களில் கொடுக்கப்படுவதில்லை. அது அநியாயம்.

விசுவநாதன் கோவையிலிருந்து சென்னைக்கு வந்து சி.ஆர். சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். அதே குழுவில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த டி.கே. ராமமூர்த்தி வயலின் வாசித்தார். சுப்பராமன் வெளிநாட்டுத் தாளங்களைக் கூச்சமில்லாமல் எடுத்தாண்டவர். 1952-இல் இருபத்தெட்டு வயதில் அவர் திடீரென்று இறந்தபோது ‘தேவதாஸ்’ உட்படச் சில படங்களின் வேலை பாதியில் நின்றது. விசுவநாதனும் ராமமூர்த்தியும் அவற்றை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணன் தன் ‘பணம்’ படத்துக்கு இருவரையும் சேர்த்து இசையமைக்க வைத்தார். இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் என்று இரட்டைப் பெயர் இருப்பதைப் போலத் தமிழிலும் இருக்கட்டும் என்று அவரே சொன்னதாகக் கூறுவார்கள். ராமமூர்த்தி வயதில் ஆறு வருஷம் மூத்தவர். ஆனாலும் பெயர் விசுவநாதன்-ராமமூர்த்தி என்றே அமைந்தது. பதின்மூன்று வருஷம் அந்தப் பெயர் நீடித்தது.

முதல் சில வருஷங்கள் கற்றுக்கொள்ளும் காலம். பாட்டின் முகம் மாறியது 1961, 1962-இல். ‘பாவ மன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘பாக்கியலட்சுமி’, ‘ஆலயமணி’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘சுமைதாங்கி’, ‘வீரத்திருமகன்’ என்று இரண்டே வருஷத்தில் அடுத்தடுத்து வந்த படங்களின் காதல் பாட்டுகளை எடுத்துக்கொண்டால், பல்லவி எடுப்பதற்கு முன்பே ஒரு முகப்பிசை மனநிலையை அமைத்துவிடுகிறது. பழைய அனுபல்லவி கழன்றுபோய், இரண்டு அல்லது மூன்று சரணம் நிற்கிறது. சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசை வெறும் இடைவெளி நிரப்பியாக இல்லாமல், பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்கிறது. ‘ஆலயமணி’யில் டி.எம். சௌந்தரராஜன் பாடும் பாட்டு ஒன்றில் எல்.ஆர். ஈஸ்வரி வெறும் ஹம்மிங் மட்டும் கொடுக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலிருந்து அந்த ஹம்மிங்கை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும்.

ராகம் இல்லாமற் போய்விடவில்லை. ‘பாக்கியலட்சுமி’யில் பி. சுசீலா பாடிய மாலை நேரத்துக் கனவுப் பாட்டு சந்திரகௌன்ஸ் ராகம். ‘ராமு’வில் (1966) பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது பாகேஸ்ரீ. ராகத்தின் பெயர் தெரியாதவர் அதைக் கேட்டு உருகினார்; தெரிந்தவர் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தார். இந்தப் பாட்டுகளின் நயம் இங்கேதான் இருக்கிறது. வித்தை உள்ளே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. பாட வந்தவர் தன் கல்வியைக் காட்டுவதற்காக ஒரு சங்கதி கூட அதிகமாகப் போடுவதில்லை. மெல்லிசை என்றால் இலேசான இசை என்று நினைப்பவர் இந்தப் பாட்டுகளில் ஒன்றைச் சுருதி விலகாமல், மூச்சு தெரியாமல் பாடிப் பார்க்கட்டும்.

குரல்கள் அதற்கேற்ப வந்து சேர்ந்தன. காக்கிநாடாவில் பிறந்த ஸ்ரீநிவாஸுக்குத் தாழ்ந்த சுருதியில் பட்டு போன்ற குரல். ஜெமினி கணேசனுக்கு அது சொந்தக் குரலாகவே ஆயிற்று. விஜயநகரத்துச் சுசீலாவுக்குச் சொல்லைத் துல்லியமாக விடும் சுத்தம். எஸ். ஜானகி, பிறகு கே.ஜே. யேசுதாஸ், எஸ்.பி. பாலசுப்பிரமணியம், பி. ஜெயச்சந்திரன். இவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ் அன்று. மெட்டுப் போட்டவரின் தாய்மொழியும் மலையாளம். பாடகர்கள் பாட்டு வரிகளைத் தத்தம் தாய்மொழி எழுத்தில் எழுதிக்கொண்டு, கவிஞரையோ உதவியாளரையோ உச்சரிக்கச் சொல்லிக் கேட்டுப் பாடினார்கள். ‘ழ’கரம் தவறினால் ‘டேக்’ போயிற்று. தமிழரின் மிக அந்தரங்கமான உணர்ச்சிக்கு உரிய பாட்டு இப்படித்தான் உருவாயிற்று. கம்பீரக் குரலுக்குப் பேர்போன மதுரை சௌந்தரராஜனையே குரலை அடக்கிப் பாட வைத்ததும் இந்தக் காலம்தான்.

சொல்லைக் கொடுத்தவர் கண்ணதாசன். அவர் பிறந்தது 1927 ஜூன் 24. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில் விசுவநாதன் பிறந்தார். இருவரும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். பழைய சாகித்தியத்தின் வடமொழிப் பாரத்தை இறக்கிவைத்து, பேச்சுத் தமிழின் நீட்டல் குறுக்கல்களை வைத்தே காதலைச் சொன்னவர் அவர். ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சுசீலா பாடிய ஒரு பாட்டில், ‘அத்தான்’ என்ற உறவுச் சொல்லின் ஓசையை எடுத்துக்கொண்டு பாட்டு முழுக்க ‘தான்’ என்றே இயைபு விழும்படி செய்திருக்கிறார். வீட்டில் பெண்கள் அன்றாடம் பேசும் தொனி. யாப்பு தெரிந்தவருக்கு அது சொல் விளையாட்டு. அதே படத்தில் ஸ்ரீநிவாஸ் பாடும் ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாட்டின் அமைப்பு பகவத் கீதையின் பத்தாம் அத்தியாயத்துக்குரியது. இன்னின்னவற்றில் நான் இன்னது என்று கண்ணன் சொல்லிக்கொண்டு போகும் வரிசையை, காதலன் காதலியைப் பற்றிச் சொல்வதாகத் திருப்பிவிட்டார். கேட்டவர்களுக்குக் கீதை நினைவுக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. வந்தால் சுவை ஒரு மடங்கு கூடும்.

பாட்டு பிறக்கும் இடத்துக்குக் கம்போசிங் என்று பெயர். ஒரு அறை, தரையில் விரிப்பு, ஆர்மோனியம், பக்கத்தில் தபலா. இயக்குநர் ‘சிச்சுவேஷன்’ சொல்வார். அவன் அவளை முதன்முதலாகப் பார்க்கிறான், அல்லது அவளை வேறொருவன் மணக்கப்போவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. விசுவநாதன் ‘தனனா தனனா’ என்றோ ‘லாலலா’ என்றோ தத்தகாரத்தில் பாடத் தொடங்குவார். ஒரு மெட்டு பிடிக்காவிட்டால் அடுத்த நிமிஷம் இன்னொன்று. அவருக்கு மெட்டுப் பஞ்சம் ஏற்பட்டதே இல்லை. சந்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கண்ணதாசன் வரிகளை வாயாலேயே சொல்வார். உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். சில நேரம் வரி முதலில் வரும், மெட்டு பின்னால். ஒரு சொல் மெட்டில் இடித்தால் யார் விட்டுக்கொடுப்பது என்பதில் இருவருக்கும் சண்டையே வரும். 1963-இல் கவிஞர் வாலியும் இந்த அறைக்குள் வந்து சேர்ந்தார்.

மெட்டு முடிவானதும் உதவியாளர்கள் வாத்தியங்களுக்குப் பகுதி எழுதுவார்கள். ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா ஆகியோர் இந்த வேலையில் விசுவநாதனுக்கு வலது கை. ஒலிப்பதிவு நாளன்று பாடகர், வயலின் வரிசை, கிடார், புல்லாங்குழல், ஷெனாய், டிரம்ஸ், போங்கோ எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே தியேட்டரில். இன்றுபோல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கும் முறை அப்போது இல்லை. மூன்றரை நிமிஷப் பாட்டின் கடைசி வரியில் ஒரு வயலின்காரர் பிசகினால் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நஞ்சப்பாவின் புல்லாங்குழல், மங்களமூர்த்தியின் அக்கார்டியன், சத்தியத்தின் ஷெனாய், நோயல் கிராண்டின் டிரம்ஸ் என்று அந்த வாத்தியக்காரர்களின் பெயர்களை ரசிகர்கள் இன்றும் தேடித் தேடி நினைவுகூர்கிறார்கள். இசைத்தட்டு உறையில் அந்தப் பெயர்கள் அச்சானதில்லை.

அந்த அறையின் காட்சி நல்லவேளையாகப் படமாகவே கிடைக்கிறது. 1964-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் வாலி எழுதிய காதல் பாட்டு ஒன்றுக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக வைத்தார்கள். சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுகிறார். விசுவநாதன் கையை வீசி வாத்தியக் குழுவை நடத்துகிறார். போங்கோவில் விரல் விழுவதும் ஊது வாத்தியங்கள் உயர்வதும் தெரிகின்றன. அதுவரை பாட்டு என்றால் நடிகர் வாயசைப்பதுதான் என்றிருந்த சனங்களுக்கு, பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் வியர்வை சிந்துகிறார்கள் என்பது அன்று கண்ணால் தெரிந்தது. தமிழ் இசைத் தொழிலின் ஆவணங்களில் அதற்கு நிகரான இன்னொன்றைச் சொல்வது கடினம்.

வெளிநாட்டு நடைகளை இரட்டையர் எடுத்தாண்ட விதம் தனியே சொல்லத்தக்கது. உலகெங்கும் அதே காலத்தில் காதல் பாட்டு நாகரிகப்பட்டுக்கொண்டிருந்தது. கியூபாவிலும் மெக்சிகோவிலும் பொலேரோ. இத்தாலியில் 1951-இல் தொடங்கிய சான்ரெமோ பாட்டு விழா. பிரேசிலில் 1950-களின் கடைசியில் எழுந்த போசா நோவா. மெக்சிகோவின் கொன்சுவேலோ வெலாஸ்கஸ் எழுதிய ‘பெசாமே முச்சோ’ உலகத்தையே சுற்றிய பொலேரோ. அதன் தொடக்கச் சாயல், ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் ஸ்ரீநிவாஸும் சுசீலாவும் பாடிய இணைப்பாட்டில் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் தொடக்கத்தோடு அந்தச் சாயல் நின்றுவிடுகிறது. அதன்பின் பாட்டு தன் வழியில் போய்த் தமிழாகிவிடுகிறது. இரவல் வாங்கியது எது, சொந்தச் சரக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது என்பதே அதன் நேர்மை. ஈஸ்ட்மன் கலரில் வந்த அந்தப் படத்தின் ஒரு பகுதி ஆழியாறு அணைப் பக்கம் எடுக்கப்பட்டது. எலப்புள்ளியிலிருந்து கிளம்பும் பொள்ளாச்சிச் சாலையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

அதே 1964-இல் ஸ்ரீதரின் ‘கலைக்கோவில்’ வந்தது. அதில் பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் ஆபோகி ராகத்தில் பாடும் இணைப்பாட்டு ஒரு பக்கம், எல்.ஆர். ஈஸ்வரி ஜாஸ் நடையில் பாடும் பாட்டு இன்னொரு பக்கம். வீணை வாசித்தவர் சிட்டிபாபு. அதே ஆண்டின் ‘புதிய பறவை’யில் சுசீலா பாடும் கிளப் பாட்டில் சாக்ஸபோனும் டிரம்ஸும் ஒலிக்கின்றன; அதே மெட்டு பிறகு சோகமாகத் திரும்பி வரும்போது கதாநாயகனின் குற்ற உணர்வைக் கிளறுகிறது. ஒரே மெட்டை இரண்டு மனநிலைக்குப் பயன்படுத்துவது அன்றைய வழக்கந்தான். ஆனால் மகிழ்ச்சி வடிவத்திலேயே சோகத்தின் விதையை ஊன்றிவைத்தது இந்தப் பாட்டில் போல வேறெங்கும் அமையவில்லை. 1963-இல் சென்னை விழா ஒன்றில் விசுவநாதனுக்கும் ராமமூர்த்திக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டின் பாட்டுகள் பட்டத்துக்குப் பொருள் சொல்லின.

இந்தப் பாட்டுகள் ஊர்களுக்குள் போய்ச் சேர்ந்த வழி வானொலி. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒடுக்கினார். கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த வர்த்தக ஒலிபரப்பும், அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும் தென் தமிழகத்திலும் கேரள எல்லையிலும் வீட்டுப் பழக்கமாயின. 1957 அக்டோபர் 3 அன்று டெல்லி விவிதபாரதியைத் தொடங்கியது, இந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான். காதல் பாட்டுக்கு வானொலி ஒரு பெரிய உதவி செய்தது: படத்தின் கதையிலிருந்து பாட்டைப் பிரித்து, இரவு நேரத்தில், தனியாக இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. பாட்டில் காதலித்தது ஜெமினி கணேசனும் சாவித்திரியும் என்பது மறைந்து, கேட்பவரின் சொந்தக் காதலாக அது மாறிற்று. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் மெல்லிசைக் குழுக்களும் மீதி வேலையைச் செய்தன.

1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இரட்டையர் பிரிந்தார்கள். பிரிவுக்கு ஆயிரம் காரணம் சொல்லப்பட்டது. இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. விசுவநாதன் தனியாக ‘அன்பே வா’ (1966), ‘உயர்ந்த மனிதன்’ (1968), ‘சாந்தி நிலையம்’ (1969), ‘சிவந்த மண்’ (1969) என்று தொடர்ந்தார். ‘உயர்ந்த மனித’னில் வாலி எழுதிய நிலாப் பாட்டுக்காகச் சுசீலாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பின்னணிப் பாடகிக்கு என்று ஏற்படுத்தப்பட்ட அந்த விருதை நாட்டிலேயே முதலில் பெற்றவர் அவர்தான். ‘சாந்தி நிலைய’த்தில் பாலசுப்பிரமணியத்தின் இளங்குரல் வந்தது. குரல் புதிது, வயலின் கூட்டமும் கிடாரும் பழையபடி.

1970-களில் கே. பாலசந்தரின் படங்கள் இந்தப் பாட்டுக்குக் கடைசிப் பெரிய மேடை. ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் யேசுதாஸ் பாடும் காதல் பாட்டு, பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி ராகத்தில் அமைந்தது. அந்த ராகத்துக்கு நான்கே சுரங்கள். பாட்டின் பிற்பகுதி பைரவி ராகத்துக்கு மாறுகிறது. கதாநாயகியின் பெயரும் பைரவி. அதே படத்தில் வாணி ஜெயராம் பாடிய பாட்டு அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது.

அதைவிட நுட்பமானது ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தின் படகுப் பாட்டு. கண்ணதாசன் அதை அந்தாதியாக எழுதினார். ஒரு வரி முடியும் சொல்லில் அடுத்த வரி தொடங்கும். பக்தி இலக்கியத்தில் ஆழ்வாரும் நாயன்மாரும் ஆண்ட வடிவம் அது. ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் காதலர்களுக்காகப் பாடிக்கொண்டு வருகிறார்கள்; துடுப்புப் போடுபவன் அவளை மனத்துக்குள் விரும்பும் நண்பன். பாதியில் காதலன் தண்ணீரில் விழுகிறான். நீச்சல் தெரிந்த நண்பன் குதிக்கவில்லை. படகு நகர்கிறது. மெட்டு அறுபடாமல் போகிறது. ஆனால் இப்போது குரல் வேறு. துடுப்புப் போடுபவனுக்காகப் பாடுவது விசுவநாதனே. இனிமையில்லாத, சற்றே கரகரத்த அந்தக் குரல் அந்தாதியின் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும்போது காதல் பாட்டு கொலையின் பாட்டாகிவிடுகிறது. நான்கு நிமிஷத்துக்குள் ஒரு சிறுகதை. பழைய இலக்கண வடிவம், நவீனக் கதைச் சூழல், மெல்லிய மெட்டு மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்பது மெல்லிசையின் உச்சம் என்றே சொல்லலாம்.

பிறந்த மண்ணின் மொழிக்கும் விசுவநாதன் குறை வைக்கவில்லை. ‘லங்காதகனம்’ (1971), ‘பணிதீராத்த வீடு’ (1973), ஸ்ரீகுமாரன் தம்பி முதன்முதலாக இயக்கிய ‘சந்திரகாந்தம்’ (1974) ஆகிய மலையாளப் படங்களின் பாட்டுகளை இன்றும் கேரளம் பாடுகிறது. ‘பணிதீராத்த வீடு’ படத்தில் வயலார் ராமவர்மா எழுதிய பாட்டுக்காக ஜெயச்சந்திரன் கேரள அரசின் விருது பெற்றார். அதே படத்தில் கண்ணீர்த் துளியைப் பற்றி விசுவநாதன் தன் குரலிலேயே பாடிய பாட்டு, அவர் எந்த மொழியிலும் பாடியவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

கணவாய்க்குத் தெற்கே, இடுக்கி எல்லை வழியாக அடுத்த மாற்றம் வந்தது. தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் மலையின் இந்தப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த பாவலர் வரதராசன், 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடினார். சினிமா மெட்டுகளில் அரசியல் வரிகளை ஏற்றிப் பாடுவது அவர் வழக்கம். தம்பிகளும் அவரோடு மேடையேறினார்கள். அவர்களில் ஒருவர் இளையராஜா. ஊர் ஊராகப் பாடிய அந்த மேடைகளில்தான் விசுவநாதனின் மெட்டுகள் அவருடைய கைக்கு வந்தன. 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவர், கண்ணதாசன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த அதே பஞ்சு அருணாசலம். அதன்பின் காதல் பாட்டு வயல்வெளிக்குப் போயிற்று. நாட்டுப்புறச் சந்தமும் புதுவிதமான வாத்தியக் கோர்வையும் பழைய வரவேற்பறைப் பாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டன. 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் கண்ணதாசன் காலமானார். சொல்லும் மெட்டும் ஒரே அறையில் உட்கார்ந்து பிறந்த காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. 1986-இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு விசுவநாதன் மெட்டமைக்க, இளையராஜா வாத்திய இசை அமைத்தார். ஒரு தலைமுறை தன் ஆசானுக்குச் செய்த மரியாதை அது. நல்ல பாட்டுகளும் கிடைத்தன.

2012 ஆகஸ்டில் தமிழக அரசு விசுவநாதனுக்கும் ராமமூர்த்திக்கும் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ பட்டம் வழங்கியது. பிரிந்து நாற்பத்தேழு வருஷம் கழித்து இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு அந்தக் காலத்தையே எடுத்துக்கொண்டு போயிற்று. 2013 ஏப்ரல் 14-இல் ஸ்ரீநிவாஸ், மூன்றே நாளில் ராமமூர்த்தி, மே 25-இல் சௌந்தரராஜன், ஜூலை 18-இல் வாலி. நூறு நாளுக்குள் நான்கு பேர். 2015 ஜூலை 14 அன்று, எண்பத்தேழாம் வயதில், விசுவநாதன் சென்னையில் காலமானார். இந்திய அரசின் பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை.